காப்பு அவிழாத வருஷம்

கொழும்பில் நடந்த ஓர் எழுத்தாளர் கூட்டத்தில், கடல் கடந்து வந்திருந்த ஒரு கருப்பின எழுத்தாளரைச் சந்தித்தேன். அவரும் என்னைப் போலத்தான். ஆண் என்றும் சொல்லிக்கொள்ளாதவர், பெண் என்றும் சொல்லிக்கொள்ளாதவர். எழுதுவதோடு நிற்காமல் ஊர்வலம், மறியல் என்று அலைகிறவர். தேநீர் இடைவேளையில் தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான்தான் ஒரு பிடி கூடுதல் கருப்பு. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்றே நினைக்கிறேன். "உங்களுக்கு இதெல்லாம் எங்கே தொடங்கியது?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலமாகக் கேட்டார். ஏதாவது ஒரு புத்தகத்தையோ தலைவரையோ சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். "எங்கள் தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கங்கள் ஒரு முழத் துணிக்காக அடித்துக்கொண்டன. அதில் தொடங்கியது" என்றேன். மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்து ஆசிரியர், மிகவும் கவனமான மனிதர். "நீங்கள் சொன்னதை அப்பிடியே சொல்லவோ?" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். அப்படியே சொல்லுங்கள் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

எங்களுடையது அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும். அப்பா இல்லை. அம்மாவும் நானும் லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பிராவில், ஒற்றை அறையில் இருந்தோம். விடிந்ததும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடவேண்டும். பெண்கள் ஒரு பக்கம் கூடையோடு நிற்பார்கள், ஆண்கள் மறுபக்கம் கத்தியோடும் மண்வெட்டியோடும் நிற்பார்கள். யார் எந்த மலைக்கு, என்ன வேலைக்கு என்று அங்கேதான் பிரித்து அனுப்புவார்கள். நான் பிறந்தபோது யாரோ பார்த்துச் சொன்னபடி எனக்கு ஆண்கள் பக்கம். ஆனால் கால் என்னவோ நடுவில்தான் போய் நிற்கும். நான் வேண்டுமென்று செய்ததில்லை. இரண்டு பக்கமும் எனக்குரிய இடம் இல்லை என்று தெரிந்த ஆள் வேறெங்கே போய் நிற்பது?

"ஏய், நடுவுல நிக்கிற மைல்கல்லு! இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? ஒரு முடிவுக்கு வாடா!" என்பார் கங்காணி.

கங்காணி என்னிடம் சொன்னதிலேயே அச்சில் போடக்கூடிய வாக்கியம் அது ஒன்றுதான். கொழுந்து பறிக்கும் பெண்களை மேய்க்கும் கங்காணி அவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். சாவு வீட்டுக்கு முதலில் வந்து கடைசியில் போகிறவர். ஆனால் அந்த வாய்! ஒரு பெண் நிரையில் ஒரு செடியை விட்டுவிட்டால் போதும், அவளுடைய அம்மாவில் தொடங்கி, அவளைப் பெற்ற விதத்துக்குப் போய், அவள் பெறப்போகும் பிள்ளை வரைக்கும் வருவார். மலை முழுவதும் கேட்கும். புதிதாகக் கூடை மாட்டிய சின்னப் பெண்கள் செடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுவார்கள். என் அம்மா அழமாட்டாள். காது கேட்காதவள் மாதிரி விரலை வேகமாக ஓட்டுவாள். வீட்டுக்கு வந்த பிறகு பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவுவாள். சங்கத்துத் தலைவர்களிடம் சொன்னால், "கங்காணின்னா நாலு வார்த்த பேசத்தாம்மா செய்வாரு" என்பார்கள். அந்த நாலு வார்த்தை என்னவென்று ஒரு தலைவரும் கேட்டதில்லை.

மாசி மாதம் வந்தால் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து. கம்பம் ஊன்றி, தப்படித்து, ரதி மதன் வேடம் கட்டியவர்கள் லயம் லயமாக ஆடி வருவார்கள். தகனத்தன்று சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மதனை எரிப்பார். மூன்றாம் நாள் ரதியின் ஒப்பாரிக்கு இரங்கி அவனை எழுப்புவார். வேடம் கட்டுகிறவர்களுக்கு முதல் நாளே கையில் மஞ்சள் காப்புக் கட்டிவிடுவார்கள். அன்றிலிருந்து அவர்கள் மனிதர் இல்லை, சாமி. மீன், இறைச்சி இல்லை, முடி வெட்டக்கூடாது, வேடத்துத் துணியை மாற்றிச் சாதாரணத் துணி உடுத்தக்கூடாது. மதனை எழுப்பிய பிறகு கூத்து மாஸ்டர் காப்பை அவிழ்ப்பார். அப்போதுதான் சாமி மறுபடி மனிதர் ஆகும். ரதி வேடத்தை ஆண்கள்தான் கட்டுவார்கள், அதுதான் வழக்கம்.

வழக்கமாக ரதி கட்டுகிற அண்ணன் அந்த வருடம் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். மாஸ்டர் ஆள் தேடிக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு வந்தார். நடுவில் நின்ற மைல்கல்லைப் பார்த்தார். "நட சரியா இருக்கு. இடுப்பு சரியா இருக்கு. கலருதான்..." என்று இழுத்தார். ரதி பவுன் நிறமாம். என்னைப் பவுன் ஆக்குவதற்கு மூன்று ரதிகளுக்குப் போதுமான பவுடர் செலவானது. ஆடி வேர்த்ததும் அது கழுத்து வழியாக வழிந்து இரவிக்கைக்குள் போய்விட்டது. தகனத்துக்கு முன்பே நான் நானாகிவிட்டேன். "கருப்பு ரதிடோய்!" என்று பையன்கள் கத்தினார்கள். கத்தட்டும். எனக்கு அது காதில் விழவில்லை. சேலையைக் கட்டி முடித்து நிமிர்ந்தபோது, இத்தனை வருடம் யாரோ என் நெஞ்சின் மேல் வைத்திருந்த ஒரு உரமூட்டையை இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. அவ்வளவு சந்தோஷம். அதை வெட்கப்படாமல் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் மத்தியானம்தான் எல்லாம் கெட்டது. அல்லது எல்லாம் சரியானது.

மதனை எழுப்பும்போது தோட்டத் தலைவருக்குச் சிவப்புத் துணியில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்யவேண்டும். முன்பு தோட்டத்தில் ஒரே சங்கம், ஒரே தலைவர், ஒரே தலை. அந்த வருடம் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் ஒரு சங்கம், கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில் ஒரு சங்கம். பரிவட்டம் ஒன்று, தலை இரண்டு. மாஸ்டர் இதை முன்கூட்டியே யோசித்திருக்கவேண்டும். அவர் பாட்டைத் தவிர வேறெதையும் யோசிக்காத மனிதர். துணியை எடுத்ததும் இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்தன. இரண்டு கைகள் துணியின் இரண்டு முனையைப் பிடித்தன. "நேத்து முளைச்ச சங்கத்துக்குப் பரிவட்டம் கேக்குதோ?" என்றார் மேற்கணக்கு. "நீங்க சந்தா வாங்குறதத் தவிர வேறென்ன கிழிச்சீங்க?" என்றார் கீழ்க்கணக்கு. அடுத்த நொடி பரிவட்டம் கிழிந்தது.

அதன் பிறகு கம்பத்தைச் சுற்றி நடந்ததை யுத்தம் என்றுதான் சொல்லவேண்டும். தப்படிக்கிறவர்கள் இதுவும் கூத்தில் ஒரு பகுதி என்று நினைத்து விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். மதனாக வேடம் கட்டியவர் கீழ்க்கணக்கில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். அவர் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு செத்துக் கிடந்தார். எழுப்பாமல் எழுந்தால் குற்றம் என்பதால் அசையவில்லை. நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரியை நீட்டிக்கொண்டே இருந்தேன். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று துணிக்குள்ளிருந்து கேட்டார். "சண்ட முடியல மாமா, படுத்திருங்க" என்றேன். அப்போது பொலிஸ் ஜீப் வந்தது.

அந்தக் காலத்தில் தமிழர்கள் நாலு பேர் கூடினாலே பொலிசுக்குத் தூக்கம் வராது. இங்கே தோட்டமே கூடி அடித்துக்கொள்கிறது, நடுவில் கரி, சாம்பல், வெள்ளைத் துணியில் ஒரு பிணம், பக்கத்தில் அழுகிற ஒரு கருப்பு விதவை. சார்ஜன்ட் துணியைப் பார்த்தார். "கவுத மெருவே?" என்றார். யார் கொன்றது என்று கேட்கிறார். கூட்டத்தில் எவரோ வாய்தவறி "சிவன்" என்றார். சிவன் வேடக்காரர் ஏற்கெனவே சூலத்தைப் போட்டுவிட்டுத் தேயிலைக்குள் இறங்கியிருந்தார். சார்ஜன்ட் குனிந்து துணியைத் தொட்டார். அவ்வளவுதான், பிணம் எழுந்து ஓட்டம் பிடித்தது. சார்ஜன்ட் அலறிய அலறலை நான் இன்றைக்கும் நினைத்துச் சிரிப்பேன். ஓடிய மதனின் கையிலிருந்த காப்பு ஒரு தேயிலைச் செடியில் மாட்டி அறுந்தது. கூட்டம் கலைந்தது. என் கையில் காப்பு அப்படியே இருந்தது.

சாயந்தரம் மாஸ்டர் எங்கள் காம்பிராவுக்கு வந்து தீர்ப்பைச் சொன்னார்.

"மதன் எந்திரிச்சிட்டாரு. ஆனா யாரும் எழுப்பல. அவரு காப்பு தானா அறுந்திருச்சு, அது சாமி செயலு. ரதி காப்ப நான் அவுக்க முடியாது. எழுப்பாம அவுத்தா தோட்டத்துக்கே ஆகாது."

"அப்ப எப்பங்க அவுப்பீங்க?" என்றாள் அம்மா.

"அடுத்த மாசிக்கு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இது ரதிதான். விரதம் விரதந்தான். சீலையும் சீலதான்."

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். நானும் வைத்துக்கொண்டேன். சிரிப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இந்தக் கூத்தாடிக்கு ஒரு வருடம் கொண்டாட்டம். அடுத்த நாள் சேலையோடு பெரட்டுக்குப் போனேன். நடுவில் நின்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜீப்பில் வந்த சின்னத்துரை, தோட்டத்து உதவி மேலாளர், என்னைப் பார்த்ததும் பிரேக் போட்டார். சிங்கள ஆள், வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான். கணக்கப்பிள்ளை ஓடிப்போய்த் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினார். துரையின் முகம் தெளிந்தது. "ஆ, பாரயக் த?" என்றார். நேர்த்திக்கடனா என்று கேட்டிருக்கிறார். அவர் அம்மாவும் கதிர்காமத்துக்கு நேர்ந்துகொள்கிறவராம். அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. பிற்காலத்தில் இதே உடுப்புக்காக எத்தனை அலுவலகத்தில் எத்தனை விளக்கம் கொடுத்திருக்கிறேன்! சாமி என்றால் அரைச் சொல்லில் வேலை முடிகிறது.

ரதி ஆண்களோடு செடி வெட்டும் கவ்வாத்துக்குப் போவது அழகில்லை என்று என்னைக் கொழுந்து மலைக்கு அனுப்பினார்கள். கங்காணியின் மலைக்கு.

முதல் நாள் காலையிலேயே ஒரு பெண் நிரை தவறினாள். கங்காணி மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். அவர் பார்வை என் மேல் விழுந்தது. காப்புக் கட்டிய சாமிக்கு முன்னால் கெட்ட வார்த்தை பேசினால் நாக்கு அழுகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. திறந்த வாய் திறந்தபடியே நின்றது. "ஏய்... ஏய்... உன்னைய... நீ..." என்று திணறினார். கடைசியில், "நீ நல்லா இருப்படி!" என்று கத்தினார். மலை முழுவதும் அப்படியே நின்றுவிட்டது. பிறகு ஒருத்தி குபுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிரை நிரையாகப் பரவி மேல் மலை வரைக்கும் போனது.

அன்றிலிருந்து அவர் பட்ட பாடு. "உங்க வீட்டுல வெளக்கெரிய!" என்று திட்டுவார். "ஒனக்குப் பத்துப் புள்ள பொறக்க!" என்பார். ரொம்பக் கோபம் வந்தால் விறுவிறுவென்று தண்ணீர் ஓடும் கானுக்கு அந்தப் பக்கம் இறங்கிப்போய், அங்கே நிற்கிற சவுக்கு மரத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார். பெண்கள் ஒரு வருடம் தலைநிமிர்ந்து கொழுந்து எடுத்தார்கள். அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் குறைந்துவிட்டது.

நான் எழுத்தாளர் ஆனதும் அங்கேதான். "ரதி, ஒரு ஒப்பாரி வையி" என்று பெண்கள் கேட்பார்கள். மாஸ்டர் சொல்லித்தந்த ஒப்பாரி எத்தனை நாளைக்குத் தாங்கும்? சொந்தமாகக் கட்டத் தொடங்கினேன்.

நெத்திக்கண்ணு பட்டதுல நீ எரிஞ்சு போனியே,
அட்டக்கடி பட்டதுல நாங்க மெலிஞ்சு போனோமே.
சாம்பலாகிப் போனவனே, ஒனக்குக் குளிர் இல்லையே,
சாக்கு மூடி நிக்கிறோமே, மழைக்குமொரு கொடை இல்லையே.

இதில் மதன் எங்கே, மலை எங்கே என்று கங்காணிக்குச் சந்தேகம்தான். ஆனால் ரதியின் ஒப்பாரியை நிறுத்த அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. வரிகள் மலையிலிருந்து லயத்துக்குப் போய், அங்கிருந்து தேயிலைத் தொழிற்சாலைக்கும் போயின. ஒருநாள் சின்னத்துரை மழைக்கு மூடப் புதுப் படங்குகள் கொடுத்தார். எங்கள் ஒப்பாரி அவர் பங்களாச் சமையற்காரி வாய் வழியாக அவர் காதுக்குப் போயிருந்தது. என் எழுத்தால் ஏதாவது நடந்ததா என்று இன்றைக்கும் கேட்கிறார்களே, அவர்களிடம் அந்தப் படங்கைத்தான் சொல்வேன். அதற்குப் பிறகு எழுதியவற்றுக்கு அவ்வளவு விரைவாகப் பலன் கிடைக்கவில்லை.

மதனாக ஆடிய மாமாவின் பெண்டாட்டி தினமும் எனக்குப் பால் கொடுத்தனுப்புவார். "ஏஞ் சக்களத்திக்கு" என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் எல்லோரும் கேட்கச் சொல்லித்தான் கொடுப்பார். முன்பு என்னைக் கண்டால் விசிலடித்த பையன்கள், கொழும்பில் வேலை கிடைக்குமா என்று கேட்டுக் காலில் விழுந்தார்கள். எல்லோருக்கும் "நல்லாயிரு" என்றேன். ஒருவனுக்கு லொறி ஓட்டும் லைசன்ஸ் கிடைத்துவிட்டது. அதோடு என் புகழ் பக்கத்து ஊரான டயகம வரைக்கும் போய்விட்டது. கொழுந்துக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பிராவில் வளர்ந்த குழந்தைகளுக்கு ரதி என்றால் கருப்பு என்றே பதிந்துவிட்டது. படத்தில் வெள்ளையாக ஒரு ரதியைக் காட்டினால் "இது யாரு?" என்று கேட்டார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சேலை கட்டியதும் நான் பெண் ஆகிவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். உரமூட்டை இறக்க ஆள் குறைந்தால் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு போய் இறக்கினேன். பின்னேரங்களில் பையன்களோடு வொலிபோல் ஆடினேன். நான் அடித்த பந்தை எடுக்க சாமி மேல் பயபக்தி உள்ள யாரும் முன்வரவில்லை, அதனால் நிறைய ஜெயித்தேன். நான் ஆணாக இருந்ததும் இல்லை, அந்த வருடம் பெண்ணாக ஆனதும் இல்லை. நீ எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்காத ஒரு வருடம் எனக்குக் கிடைத்தது. அதுதான் வரம். கருவாடு சாப்பிட முடியாதது ஒன்றுதான் குறை. பக்கத்துக் காம்பிராவில் கருவாடு பொரிக்கும்போதெல்லாம் மதனுக்காக இல்லாமல் உண்மையாகவே அழுதிருக்கிறேன்.

ஆனால் மாசி வந்துகொண்டிருந்தது. காப்பை அவிழ்த்தால் நான் முடியை வெட்டி, சாரத்தைக் கட்டி, ஆண்கள் பக்கம் போய் நிற்கவேண்டும். மாசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று தினமும் விரலில் எண்ணத் தொடங்கினேன். பெண்களுக்கு வேறு கலக்கம். காப்பு அவிழ்ந்த மறுநாள் கங்காணியின் வாயும் அவிழும். சவுக்கு மரத்திடம் சொன்னதெல்லாம் வட்டியோடு வரும்.

மதனை எழுப்ப இரண்டு சங்கமும் சேரவேண்டும். சேராவிட்டால் காப்பு இன்னொரு வருடம் கிடக்கும். ஆகவே பெண்கள் களத்தில் இறங்கினார்கள். மேற்கணக்குப் பெண்கள் வீட்டுக்குப் போய், "ஒங்க தலைவரப் பத்தி அந்த ஆளு பீலியடியில என்ன சொன்னாருன்னு தெரியுமா?" என்று புருஷன்மார் காதில் ஊதினார்கள். கீழ்க்கணக்குப் பெண்களும் அதையே ஊதினார்கள். எங்கள் மலையில் அந்த வருடம் ஒற்றுமையாக நடந்த ஒரே தொழிற்சங்க வேலை, இரண்டு தொழிற்சங்கங்களை ஒற்றுமையாக விடாமல் பார்த்துக்கொண்டதுதான். அதில் கட்சி வேறுபாடே இல்லை.

கெடுத்தது பனி. தை மாதத்தில் விழுந்த பனியில் பள்ளத்து மலையெல்லாம் நெருப்பு வைத்தது மாதிரிக் கருகியது. கொழுந்து குறைந்தது, வேலையும் குறைந்தது. எழுப்பாமல் விட்ட மதன்தான் காரணம் என்று தோட்டம் பேசத் தொடங்கியது. அதற்கு மேல் எந்த ஊதலும் எடுபடவில்லை. இரண்டு தலைவர்களும் கோவிலடியில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒரே நீளத்தில் இரண்டு பரிவட்டம் வெட்டினார்கள். மாஸ்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து காட்டினார்.

மூன்றாம் நாள் மதன் முறையாக எழுப்பப்பட்டார். முந்திய வருடத்து அனுபவத்தால் ஒரு கண்ணைத் திறந்தபடியே படுத்திருந்தார். பிறகு மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, வழக்கப்படி கூட்டத்தைக் கேட்டார்.

"ரதி விரதம் நெறைஞ்சிருச்சா?"

"நெறைஞ்சிருச்சு" என்றார்கள் ஆண்கள். எல்லோரையும் விடப் பலமாகச் சொன்னவர் கங்காணி. பெண்கள் வாயே திறக்கவில்லை. மாஸ்டர் மறுபடி கேட்டார். பெண்கள் ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

"பொம்பளைங்களும் சொல்லணும். ரதி விரதமாச்சே" என்று மாஸ்டர் கெஞ்சினார்.

"நெறையல" என்றார் என் சக்களத்தி.

"பாத்தீங்களா, கீழ்க்கணக்கு ஆளு வீட்டுப் பொம்பளதானே தடுக்கிறது!" என்று மேற்கணக்குத் தலைவர் தொடங்கினார். "எங்க பொம்பளைங்கள இழுக்காதீங்க!" என்று கீழ்க்கணக்குத் தலைவர் பரிவட்டத்தைக் கழற்றி இடுப்பில் சொருகினார். அம்மா கூட்டத்தின் ஓரத்தில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் சும்மா இருந்தால் போதும். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் துணி கிழியும், இன்னொரு வருடம் கிடைக்கும். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த இரண்டு பேரின் முகத்தையும் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. என்ன கூத்து இது? இவர்கள் அடித்துக்கொண்டால் நான் ரதி, கட்டிப்பிடித்துக்கொண்டால் நான் ஆம்பிளை. என் உடம்பு என்ன, இவர்களுடைய சங்கக் கட்டடமா?

"நெறைஞ்சிருச்சு! அவுருங்க!" என்று கத்தினேன்.

எங்கே நான் மனம் மாறிவிடுவேனோ என்று மாஸ்டர் காப்பைப் படக்கென்று அறுத்துவிட்டார். தப்பு முழங்கியது. பெண்கள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லமுடியாது. "நாளைக்கு அந்தாளு வாய்க்கு நீயே பதில் சொல்லு" என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். சாமிக்குச் சாத்திய சேலை சாமிக்கே சொந்தம் என்பதால், ஒரு வருடத்துச் சேலைகள் அத்தனையையும் மாஸ்டரின் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பழைய சாரத்தையும் சட்டையையும் எடுத்துக் கொடியில் போட்டேன். அன்றைக்கு அம்மா கருவாடு பொரித்திருந்தாள். தட்டை அப்படியே தள்ளி வைத்தேன்.

விடியற்காலை எழுந்து பார்த்தேன். கொடியில் சாரத்தைக் காணோம். சட்டை இருந்தது. அதன் பக்கத்தில் அம்மாவின் நீலச் சேலை மடித்துக் கிடந்தது. அம்மா எனக்கு முதுகைக் காட்டியபடி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"குளிரா இருக்கு. மேல சட்டையும் போட்டுக்க" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சேலையும் சட்டையுமாகப் பெரட்டுக்களத்துக்குப் போய் நடுவில் நின்றேன். கங்காணி என் கையைப் பார்த்தார். காப்பு இல்லை. தொண்டையைச் செருமினார். பிறகு தொடங்கினார். ஒரு வருடத்துச் சேமிப்பு. என்னில் தொடங்கி, என்னைப் பெற்ற விதத்துக்குப் போய், நான் எது என்பதற்கு ஒரு வார்த்தையைச் சொன்னார். அந்த வார்த்தையை நான் எழுதப்போவதில்லை. வழியெல்லாம் ஒரு பிரசங்கத்தைத் தயார் செய்து கொண்டு வந்திருந்தேன். அதைத் தொடங்குவதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"காப்புதான் அவுத்தாச்சே! சாமிதான் போயிருச்சே! இன்னும் எதுக்குடா இந்த வேசம்?" என்றார்.

பெண்கள் பக்கத்தில் கூடைகள் தலையிலிருந்து இறங்கின. கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றார்கள், என் சக்களத்தி உட்பட. அவர்களுக்கு நடுவிலிருந்து அம்மா வந்தாள். கங்காணியிடம் அவள் 'ங்க' போடாமல் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"வேசம் நேத்தோட முடிஞ்சிருச்சு, கங்காணி. இது ஏஞ் சீல. நாந்தான் கட்டிக்கச் சொல்லிக் குடுத்தேன். பேசணும்னா எங்கிட்ட பேசு."

கங்காணி வாயைத் திறந்தார். கீழே வைத்திருந்த கூடைகளைப் பார்த்தார். கணக்கப்பிள்ளையைப் பார்த்தார், கணக்கப்பிள்ளை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேல் மலைக்குப் போங்க" என்றார் கடைசியில். இந்த முறை அவருக்கு முன்னால் சாமி என்று யாரும் இல்லை.

அம்மா கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள். போகிற போக்கில் என்னை மேலும் கீழும் பார்த்து, "கொசுவத்த நல்லா ஏத்திச் சொருகு, மலையில தடுக்கும்" என்றாள்.